டிபிஎம் என்ன விலை? கொட்டேஷன் கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

டிபிஎம்முக்கு (டனல் போரிங் மிஷின், சுரங்கம் குடையும் இயந்திரம்) விலைப்பட்டியல் என்று ஒன்று கிடையாது. ஜேசிபியோ கிரேனோ என்றால் டீலருக்குப் போன் போட்டால் போதும், இந்த மாடல் இவ்வளவு என்று சொல்லிவிடுவார். சுரங்கம் குடையும் டிபிஎம் அப்படி ஷெட்டில் தயாராக நிற்பதில்லை. ஆர்டர் கொடுத்த பிறகுதான் அந்தச் சுரங்கத்துக்கென்று வரைபடம் போட்டுச் செய்யத் தொடங்குவார்கள்.

நான் ஒரு கட்டுமான கம்பெனியின் பிளான்ட் பிரிவில் இருக்கிறேன். டெண்டர் சமயத்தில் இயந்திரங்களுக்கு விலை வாங்கி, ஒப்பிட்டு, மேலே அனுப்புவது என் வேலை. டெண்டர் அறிவிப்பு வந்த அன்றே மேலிடத்தில் கேட்டுவிடுவார்கள்: “மிஷின் என்னப்பா ஆகும்? ஒரு ரவுண்டு ஃபிகர் சொல்லு.” புதிதாகச் சேரும் இன்ஜினியர் உடனே விட்டத்தையும் நீளத்தையும் மட்டும் போட்டு நான்கு கம்பெனிகளுக்கு மெயில் தட்டிவிடுவார். நான்கு பதில் வரும். நான்கும் நான்கு வேறு வேறு மிஷின்களின் விலை. அதை எக்செல்லில் அடுத்தடுத்த கட்டத்தில் வைத்து யார் எல்-1 (குறைந்த விலைக்காரர்) என்று பார்ப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

என் அனுபவத்தில், விலையின் பெரும்பகுதி நாம் அனுப்பும் விவரத்தாளிலேயே முடிவாகிவிடுகிறது. பேரம் பேசிக் குறைப்பது அதற்கு மேல் மிஞ்சும் கொஞ்சம்தான். அதனால் அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

விட்டம்

டெண்டரில் கொடுத்திருப்பது சுரங்கத்தின் உள் விட்டம். மிஷினுக்கு வேண்டியது குடையும் விட்டம். நம்மூர் மெட்ரோவை எடுத்துக்கொண்டால் உள்ளே 5.8 மீட்டர், சுற்றிலும் 275 மில்லிமீட்டர் கனத்தில் கான்கிரீட் செக்மென்ட் (சுவர்த் துண்டுகள்; அவை சேர்ந்து ஒரு வட்டமானால் ரிங்), ஆக ரிங்கின் வெளி விட்டம் 6.35 மீட்டர். அதற்கு மேல் ஷீல்டின் (மிஷினைப் போர்த்தும் எஃகு உருளை) தகடு, டெயில் பிரஷ் (அதன் வால்பக்கத்தில் தண்ணீரைத் தடுக்கும் பிரஷ்), கிரவுட் (ரிங்குக்கு வெளியே நிரப்பும் கலவை) போக இடைவெளி எல்லாம் சேர்த்தால் கட்டர் ஹெட் (முன்னால் சுற்றிக் குடையும் சக்கரம்) 6.6 மீட்டரைத் தாண்டும். முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். உள் விட்டத்தை அப்படியே அனுப்பினால், சில கம்பெனிகள் கேள்வி கேட்காமல் தாங்களே ஒரு கனத்தை ஊகித்து விலை போட்டுவிடும்.

விட்டம் கூடினால் விலை எப்படிக் கூடும்? முகப்பின் (மிஷின் குடையும் எதிர்ச் சுவர்) பரப்பு விட்டத்தின் இருபடியாகக் கூடுகிறது. கட்டர் ஹெட்டைச் சுற்றுவதற்கான முறுக்குவிசை முப்படியாகக் கூடுகிறது. இபிபி (எர்த் பிரஷர் பேலன்ஸ், கீழே ‘மண்’ பகுதியில் வருகிறது) வகை மிஷினுக்குத் தோராயக் கணக்கு இது: விட்டத்தை மீட்டரில் எடுத்து, முப்படியாக்கி, 20 போல ஒரு எண்ணால் பெருக்கினால் கிலோநியூட்டன் மீட்டரில் முறுக்குவிசை வரும். 6.6 மீட்டருக்கு ஏறத்தாழ 5,750. அதையே 7.1 மீட்டராக்கினால் 7,150-ஐத் தாண்டுகிறது. அரை மீட்டர் கூடினால் கால் பங்கு விசை கூடுகிறது. மோட்டார், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அதன் பின்னாலேயே பெரிதாகும். எல்லாவற்றுக்கும் மேல் மெயின் பேரிங். கட்டர் ஹெட்டின் மொத்தப் பாரத்தையும் சுமக்கும் அந்த வளையத்தை இந்த அளவில் செய்பவர்கள் உலகத்திலேயே சில கம்பெனிகள்தான். பேரிங் எப்போது வரும் என்பதை வைத்துத்தான் மிஷின் எப்போது வரும் என்று சொல்கிறார்கள்.

வெளியே தெரிந்த இரண்டு விலைகளை வைத்துச் சரிபார்க்கலாம். லண்டன் கிராஸ்ரெயில் ரயில் திட்டத்துக்கு 7.1 மீட்டர் விட்டத்தில் எட்டு மிஷின்கள் வாங்கினார்கள். ஒன்று சுமார் 1 கோடி பவுண்டு, அன்றைய மதிப்பில் 1.6 கோடி டாலர் போல. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நெடுஞ்சாலைச் சுரங்கம் குடைந்த ‘பெர்த்தா’ 17.45 மீட்டர், சுமார் 8 கோடி டாலர். விட்டம் இரண்டரை மடங்கு, முகப்புப் பரப்பு ஆறு மடங்கு, விலை ஐந்து மடங்கு. முகப்பின் ஒரு சதுர மீட்டருக்கு என்று பார்த்தால் லண்டனில் 4 லட்சம் டாலர், சியாட்டிலில் சுமார் 3.35 லட்சம். ஆக, பரப்பை வைத்து ஊகித்தால் ரொம்பத் தவறாது. மேலிடத்துக்கு ரவுண்டு ஃபிகர் வேண்டுமானால் நான் இந்த வழியில்தான் சொல்வேன், ஆனால் ஒரே வகை மிஷின்களுக்குள் மட்டும். ஒரு வகைக்கு வந்த எண்ணை எடுத்து இன்னொரு வகைக்குப் போடக் கூடாது.

மண்

பாதி டெண்டர்களில் இந்தப் பகுதியைத்தான் சரியாகப் படிக்காமல் விடுகிறோம். போர்ஹோல் அறிக்கை (துளை போட்டு மண்ணைச் சோதித்த அறிக்கை) ஐந்நூறு பக்கம் இருக்கும், நேரம் இருக்காது. ஆனாலும் படியுங்கள். எந்த வகை மிஷின் என்பதை முடிவு செய்வது மண்தான், வகை மாறினால் விலையும் தாவும்.

உறுதியான பாறை, தண்ணீர் குறைவு, குடைந்த துளை தானாக நிற்கும் என்றால் பக்கச் சுவரைப் பிடித்து உந்திப் போகும், ஷீல்டே இல்லாத கிரிப்பர் மிஷின் போதும். சுவிட்சர்லாந்தில் 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் ரயில் சுரங்கத்தைக் குடைந்தவை அந்த வகை. நிற்கும், ஆனால் நம்ப முடியாத பாறை என்றால் ஷீல்டு வேண்டும். உத்தராகண்டில் ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் ரயில் பாதைக்காக தேவப்பிரயாக்கில் இறங்கிய ‘சக்தி’ 9.11 மீட்டர் விட்டமுள்ள ஒற்றை ஷீல்டு மிஷின். நகரத்துக்குக் கீழே களிமண், வண்டல், தளர்ந்த பாறை என்றால் இபிபி. தோண்டிய மண்ணையே முன்னறையில் அடைத்து, அந்த அழுத்தத்தால் முகப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே போகும். தண்ணீரோடு கூடிய மணல், கூழாங்கல், ஆற்றுப்படுகை என்றால் ஸ்லரி. பெண்டோனைட் என்ற களிமண் கலந்த குழம்பால் முகப்பைத் தாங்கி, அதே குழம்போடு மண்ணைக் குழாயில் மேலே கொண்டுவரும். கிராஸ்ரெயிலின் எட்டு மிஷின்களில் ஆறு இபிபி. தேம்ஸ் நதிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையில் போன இரண்டு மட்டும் ஸ்லரி.

ஸ்லரி மிஷினின் விலையை மட்டும் பார்த்தால் இபிபியிலிருந்து ரொம்ப தூரம் இல்லாத மாதிரிதான் தெரியும். மேலே ஒரு செப்பரேஷன் பிளான்ட் வேண்டுமே, அது எங்கே? குழம்பிலிருந்து மண்ணைப் பிரித்துக் குழம்பைத் திருப்பி அனுப்பும் அந்தப் பிளான்ட், பம்புகள், கிலோமீட்டர் கணக்கில் குழாய், அதை வைப்பதற்கு நகர நடுவில் இடம். பல கொட்டேஷன்களில் அது தனி வரியாகக்கூட இருக்காது, கடைசிப் பக்கத்தில் ‘வாங்குபவர் பொறுப்பு’ என்ற தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கும்.

சென்னை மாதிரி ஊர் என்றால் இன்னொரு சங்கடம். கடற்கரைப் பக்கம் மணலும் களியும், கிண்டி, பரங்கிமலைப் பக்கம் சார்னோகைட் பாறை. ஒரே சுரங்கத்தில், சில இடங்களில் ஒரே முகப்பில், மேல் பாதி மண்ணும் கீழ்ப் பாதி கல்லுமாக வரும். நாங்கள் மிக்ஸ்டு ஃபேஸ் என்போம். மிஷினுக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. சுற்றும்போது மண்ணில் வழுக்கிக்கொண்டு போகும் டிஸ்க் கட்டர் (கல்லை நசுக்கி உடைக்கும் வட்டத் தகடு), ஒவ்வொரு சுற்றிலும் கல்லின் விளிம்பில் மோதும். இதற்குக் கட்டர் ஹெட்டைக் கனமாகச் செய்ய வேண்டும், தேய்மானத் தகடுகள் கூட வேண்டும், 17 அங்குல டிஸ்க்குக்குப் பதில் 19 அங்குலம் போடலாமா என்று யோசிக்க வேண்டும். எல்லாம் காசுதான்.

ஆகவே விவரத்தாளில் ‘பாறையும் மண்ணும்’ என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். சுரங்கத்தின் நீளத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். எத்தனை மீட்டர் முழு மண், எத்தனை மீட்டர் முழுப் பாறை, எத்தனை மீட்டர் கலப்பு. பாறையின் அமுக்க வலிமை எத்தனை மெகாபாஸ்கல், குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு. செர்ச்சார் தேய்மானக் குறியீடு (பாறை எஃகை எவ்வளவு தேய்க்கும் என்ற எண்) சோதித்திருந்தால் அதையும் கொடுங்கள். இல்லை என்றால் டெண்டருக்கு முந்தைய கேள்வி நேரத்தில் கேட்டு வாங்குங்கள். தேய்மானக் குறியீடு தெரியாவிட்டால் கட்டர் எத்தனை போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டர் செலவு மிஷின் விலையில் வராது, ஆனால் உங்கள் பணத்தில்தான் வரும்.

பாறை விவரம் கொடுக்காத இடத்தில் விற்பவர் என்ன செய்வார்? ஒருவர் மோசமானதை எண்ணி விலையை ஏற்றுவார். இன்னொருவர் நல்லதை எண்ணி இறக்குவார். பின்னவர் எல்-1 ஆகிவிடுவார். வேலையில் கல் வந்ததும், “நீங்கள் சொல்லவில்லையே” என்று ஒரு கடிதம் வரும்.

தண்ணீர், வளைவு, ஷாஃப்ட்

பத்து மீட்டர் தண்ணீர் ஒரு பார் அழுத்தம். சுரங்கம் 25 மீட்டர் ஆழம், நிலத்தடி நீர் தரையை ஒட்டி நிற்கிறது என்றால் இரண்டரை பார், அதற்கு மேல் பாதுகாப்புக்குக் கொஞ்சம். மெயின் பேரிங்கின் சீல்கள், டெயில் பிரஷ் வரிசைகள், கட்டர் மாற்ற ஆட்கள் அழுத்தத்துக்குள் போய்வரும் மேன்லாக் ஆகிய மூன்றும் இந்த எண்ணைப் பொறுத்தவை. ஆற்றைக் கடக்கும் இடம் இருந்தால் தனியாகக் குறிப்பிடுங்கள். கொல்கத்தாவில் ஹூக்ளிக்கு அடியில் 520 மீட்டர் போனதும், சென்னையில் கிரீன்வேஸ் சாலையிலிருந்து அடையாற்றைக் கடந்ததும் இபிபி மிஷின்கள்தான். ஆறு என்றாலே ஸ்லரி என்று பயந்து விலையை ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. படுகைக்குக் கீழே என்ன மண் என்று பாருங்கள்.

வளைவில் மிகச் சிறிய ஆரம் எவ்வளவு என்று எழுதுங்கள். குறுகலான வளைவு இருந்தால் ஷீல்டின் நடுவில் மடியும் மூட்டு வேண்டும், பின்னால் வரும் கேன்ட்ரிகளும் (துணைச் சாதனங்களைச் சுமக்கும் வண்டிகள்) அதற்கேற்ப இருக்க வேண்டும். ஷாஃப்ட் (மிஷினை இறக்கும் குழி) சின்னது என்றால் முழு நீளத்தையும் ஒரே நாளில் இறக்க முடியாது. ஷீல்டை மட்டும் முதலில் இறக்கி, கேன்ட்ரிகளை மேலேயே வைத்து, நீண்ட கேபிளும் குழாயும் இழுத்து ஓட்ட வேண்டும். அந்தக் கேபிளும் குழாயும் யார் கணக்கு என்பதை ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

நீளமும் மறுவிற்பனையும்

மும்பை கடற்கரைச் சாலைக்கு வந்த ‘மாவளா’ 12.19 மீட்டர் ஸ்லரி மிஷின். சுமார் 2 கிலோமீட்டர் நீளத்தில் இரட்டைச் சுரங்கம். ஒரே மிஷின் 2022 ஜனவரியில் ஒரு பக்கத்தை முடித்து, திரும்பி வந்து 2023 மே மாதம் மறுபக்கத்தையும் முடித்தது. இரண்டு மிஷின் வாங்கியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும், இரண்டு மடங்கு முதலீடும் போயிருக்கும். மெட்ரோவில் பெரும்பாலும் கெடு நெருக்கும், அதனால் போகும் பாதைக்கு ஒன்று, வரும் பாதைக்கு ஒன்று என்று இறக்குகிறோம். சென்னை இரண்டாம் கட்டத்துக்கு 20-க்கும் மேற்பட்ட மிஷின்கள் என்று திட்டமிட்டதும் இதனால்தான். (பெயர் வைப்பதிலும் குறை வைக்கவில்லை. மாதவரம் பக்கம் நீலகிரி, ஆனைமலை என்று மலைகள், கலங்கரை விளக்கம் வழித்தடத்தில் ஃபிளமிங்கோ, பெலிகன் என்று பறவைகள். சைட்டில் எல்லோரும் ‘அப்லைன் மிஷின்’, ‘டவுன்லைன் மிஷின்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.)

விலையை எப்போதும் ஒரு மீட்டருக்கு என்று மாற்றிப் பாருங்கள். கணக்குக்காக ஒரு மிஷின் 60 கோடி, வேலை முடிந்து 10 கோடிக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். 2,000 மீட்டர் குடைந்தால் மீட்டருக்கு 2.5 லட்சம். நடுவில் 8 கோடி செலவழித்துப் பழுது பார்த்து இன்னொரு 2,000 மீட்டர் ஓட்டினால் மீட்டருக்கு 1.45 லட்சம். எனவே, அடுத்த வேலை கையில் இருக்கிறதா என்று உங்கள் கம்பெனியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இந்த வரியை நிரப்ப முடியாது.

அந்த 10 கோடி வரும் என்று சும்மா நம்பிவிடக் கூடாது. ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் குடைந்த மிஷின்களில் ஒன்று 2004-ல் ஈபேயில் ஏலத்துக்கு வந்து 39,999 பவுண்டுக்குப் போயிற்று. அடுத்த சுரங்கத்தின் விட்டம் ஒத்துவராவிட்டால் மிஷின் எடைக்குத்தான் போகும். விற்றவரே திருப்பி எடுத்துக்கொள்வதாக பை-பேக் ஒப்பந்தம் தருகிறாரா என்று கேளுங்கள். தந்தால், எந்த நிலையில், எந்த இடத்தில், யார் செலவில் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். சுரங்கம் முட்டுச் சந்தில் முடிந்தால் ஷீல்டின் வெளித்தகடு மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், உள்ளே இருப்பதை மட்டும்தான் கழற்றி எடுக்க முடியும். அப்படிப்பட்ட வேலைக்கு பை-பேக் தொகையை எண்ணி விலை குறைப்பது வீண்.

பழைய மிஷின்

நான் பழைய மிஷினுக்கு விரோதி இல்லை. நகர மெட்ரோக்களின் விட்டம் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதால், நல்ல பழைய மிஷின்கள் நிறையக் கிடைக்கின்றன. வித்தியாசம் எல்லாம் ‘பழுது பார்த்தது’ என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார்கள் என்பதில்தான். பெயிண்ட் அடித்து ஹோஸ் மாற்றினாலும் பழுது பார்த்ததுதான், மெயின் பேரிங்கைத் திறந்து பார்த்து சீல் முழுவதையும் மாற்றினாலும் பழுது பார்த்ததுதான். மெயின் பேரிங்குக்கு வழக்கமாக 10,000 மணி நேரம் ஆயுள் என்று வடிவமைப்பார்கள். இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று லாக் புத்தகத்தைக் கேளுங்கள். கியர் எண்ணெயின் பரிசோதனை அறிக்கையில் இரும்புத் துகள் எவ்வளவு என்று பாருங்கள். ஷீல்டு தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் மீட்டர் வைத்து உங்கள் ஆளே அளக்கட்டும். ஒரு தடவை, ‘புதிது போல’ என்று சொல்லப்பட்ட மிஷினில் ஸ்க்ரூ கன்வேயரின் (தோண்டிய மண்ணை வெளியே தள்ளும் திருகு) உறை பாதிக் கனம் தேய்ந்திருந்தது. விற்றவர், “அது கன்ஸ்யூமபிள் சார்” (தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் சாமான்) என்றார்.

கொட்டேஷன் வந்த பிறகு

முதலில் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். விலையில் எதெல்லாம் சேரவில்லை என்று அங்கேதான் இருக்கும். நான் ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்து, ஒவ்வொரு கொட்டேஷனிலும் உண்டா இல்லையா என்று குறிப்பேன்: கிரவுட் பிளான்ட், மக் கார்களும் (மண் ஏற்றும் வண்டிகள்) லோகோவும் அல்லது கன்வேயர், கூலிங் டவர், 11 கேவி கேபிள், முதல் செட் கட்டர், உதிரி சீல், கிரேடில் (மிஷினைத் தாங்கும் தொட்டில்), மிஷின் முட்டித் தள்ளுவதற்கான ரியாக்‌ஷன் ஃபிரேம், வழிகாட்டும் சர்வே கருவி, அவர்கள் அனுப்பும் டெக்னீஷியன்களின் சம்பளமும் தங்கும் செலவும். டெக்னீஷியன் எத்தனை மாதம் இருப்பார் என்பதில் பெரிய தொகை அடங்கியிருக்கிறது. இல்லாததற்கெல்லாம் நீங்களே சந்தை விலை போட்டுக் கூட்டிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். எல்-1 பல சமயம் இந்த இடத்திலேயே மாறிவிடும்.

அப்புறம் வேகம். இரண்டு மிஷினுக்கும் விலை வித்தியாசம் 6 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை கூடியது ஒரு நாளைக்கு ஆறு ரிங் போடும், குறைந்தது ஐந்து. ரிங் 1.4 மீட்டர் அகலம் என்றால் 2,000 மீட்டருக்கு ஒன்று 238 நாள், மற்றது 286 நாள். சைட்டின் தினச் செலவு 12 லட்சம் என்று போட்டாலே 48 நாளில் 5.76 கோடி கரைந்துவிடும். ஆறு ரிங் போடும் என்பது விற்பவரின் வாக்கு. அதே மாதிரி மண்ணில் அந்த மிஷின் வேறு எங்கே ஓடியது, அங்கே தினமும் எவ்வளவு போனது என்று கேட்டு, முடிந்தால் அந்த சைட் ஆட்களிடமே பேசுங்கள்.

மிஷின் நின்றுவிட்டால் ஆகும் செலவு விலையில் எங்குமே தெரியாது. பெர்த்தா 2013 டிசம்பரில் நின்றது. வழியில் கிடந்த ஒரு எஃகுக் குழாயில் மோதியிருந்தது, மெயின் பேரிங்கின் சீல்களும் கெட்டிருந்தன. முன்பக்கத்தை எடுப்பதற்கென்று தனியாக ஒரு ஷாஃப்ட் தோண்டி, மேலே தூக்கி, சரிசெய்து மறுபடி ஓட்ட இரண்டு ஆண்டுகள் ஆயின. குற்றம் மிஷினுடையதா குழாயுடையதா என்று வழக்கு நடந்து, 2019-ல் சுரங்கத்தைக் குடைந்த ஒப்பந்தக் கம்பெனி வாஷிங்டன் மாநிலத்துக்கு 5.72 கோடி டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்தது. மெயின் பேரிங்கையும் சீல்களையும் சுரங்கத்துக்குள் இருந்தபடியே மாற்ற வழி இருக்கிறதா என்ற கேள்வி அதனால் என் தாளில் நிரந்தரமாக இருக்கிறது. முழுதாக முடியும் என்பவர் கொஞ்சம் கூடக் கேட்பார். கொடுக்கலாம்.

எங்கே செய்கிறார்கள்

ஹெரென்க்னெக்ட் ஜெர்மன் கம்பெனி, சென்னைக்கு வடக்கே அலிஞ்சிவாக்கத்திலும் அவர்களுக்குத் தொழிற்சாலை உண்டு. சீனக் கம்பெனிகள் விலையில் நன்றாக இறங்குவார்கள். ஆனால் கம்பெனி எந்த நாடு என்பதும் மிஷின் எங்கே செய்யப்படுகிறது என்பதும் ஒன்றல்ல. 2024 அக்டோபரில் வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் ஜெர்மனியின் துணைச் சான்சலர் ராபர்ட் ஹாபெக்கிடம், உங்கள் கம்பெனியின் டிபிஎம்களைச் சீனாவில் செய்கிறார்கள், அங்கிருந்து எங்களுக்கு வர விடமாட்டேன் என்கிறது சீனா என்று டெல்லி மெட்ரோ ரயிலுக்குள்ளேயே முறையிட்டார். ஆகவே எந்தப் பகுதி எந்த ஊரில் தயாராகிறது, எந்தத் துறைமுகத்தில் ஏறுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். தாமதமானால் அபராதம் யாருக்கு, ஏற்றுமதி அனுமதி கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

யூரோவிலோ யுவானிலோ விலை சொன்னால், ஆர்டர் போடும் நாளுக்கும் கடைசித் தவணை கட்டும் நாளுக்கும் நடுவில் ஒரு வருடம் ஓடியிருக்கும். நாணய மதிப்பு ஏறி இறங்குவதற்கென்று கொஞ்சம் ஒதுக்காமல் டெண்டரில் தொகையை எழுதாதீர்கள். சுங்க வரியையும் கப்பல் கூலியையும் விற்பவர் சொல்லும் எண்ணிலிருந்து எடுக்காமல் உங்கள் ஏஜென்டிடம் தனியாக வாங்குங்கள். துறைமுகத்திலிருந்து சைட் வரை வரும் வழியையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நூறு டன்னுக்கு மேல் ஒரே துண்டாக வரும் ஷீல்டு எந்தப் பாலத்தில் ஏறும், எந்த ஃபிளைஓவருக்கு அடியில் நுழையும் என்பதைப் பொறுத்து, அதை இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கும் விலை உண்டு.

தவணைகளில் பெரிய பங்கைத் தொழிற்சாலைச் சோதனைக்குப் பிறகு கொடுக்கும்படி வையுங்கள். அந்தச் சோதனைக்குப் போகும்போது மேனேஜர்கள் மட்டும் போகாமல், மிஷினை ஓட்டப் போகும் ஆபரேட்டர் ஒருவரையும் ஃபிட்டர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டர் ஹெட் சுற்றுவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு மேனேஜர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். ஃபிட்டர் மட்டும் படுத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, இந்த வால்வை மாற்ற ஸ்பேனர் நுழையாது என்று சொல்வார். அது சரியாகும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.